உலுருவுக்குக் காரில் போக எந்த வழி? நான்கு வழிகள், நான்கு கணக்குகள்

ஆஸ்திரேலியாவின் நட்ட நடுவில் இருக்கும் பெரும் பாறையான உலுருவுக்குக் குடும்பத்தோடு போக நினைப்பவர்கள் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை அலுப்பாம், ஊட்னடாட்டா டிராக் பயமாம், விமானம் என்றால் பணமாம், எதைத்தான் எடுப்பது? பெர்த்தில் இருப்பவர்களுக்குக் கூடவே இன்னொரு குழப்பம் உண்டு: வரைபடத்தில் கிரேட் சென்ட்ரல் ரோடு என்று நேர்கோடாக ஒன்று தெரிகிறதே, அதில் போகலாமா?

வெயிலடிக்கும் நாளில், காற்று சரியாக இருக்கும் டயரில், நான்கு வழியுமே நன்றாகத்தான் இருக்கும். வழிகள் பிரிவது கெட்ட நாளில். மழை பெய்தால், டயர் கிழிந்தால், பங்க் மூடியிருந்தால் அங்கிருந்து எப்படி வெளியே வருவது, அதற்கு எவ்வளவு ஆகும் என்பதை வைத்துத்தான் கீழே எடை போட்டிருக்கிறோம். அடிலெய்டைப் புறப்படும் இடமாக வைத்துக்கொள்வோம். மெல்பர்ன், சிட்னிக்காரர்கள் அடிலெய்டு வரை அல்லது போர்ட் அகஸ்டா வரை ஆகும் ஒன்றிரண்டு நாளைத் தனியாகக் கூட்டிக்கொள்ளவும்.

## எதை வைத்து அளப்பது

வாடகை ஒப்பந்தம். பலர் முதலில் வழியை முடிவுசெய்துவிட்டு அப்புறம் காரைத் தேடுகிறார்கள். அது தலைகீழ். சாதாரண வாடகைக் காரின் ஒப்பந்தத்தில் தார் போடாத சாலையில் போகக்கூடாது என்று ஒரு வரி இருக்கும். அதை மீறிப் போய் வண்டி சாய்ந்தால் கூடுதல் இன்சூரன்ஸ் எடுத்திருந்தும் செல்லாது. முழுத் தொகையும் உங்கள் தலையில்தான். சொந்த வண்டி இல்லை, ஃபோர் வீல் டிரைவ் வாடகை கட்டாது என்றால் நான்கில் இரண்டு வழி அந்த இடத்திலேயே அடிபட்டுவிடும்.

பங்க் இடைவெளி. வரைபடத்தில் உள்ள இடைவெளியை அப்படியே நம்ப வேண்டாம். இந்தப் பகுதி ரோட்ஹவுஸ்கள் (பங்க்கோடு சேர்ந்த நெடுஞ்சாலைக் கடைகள்) பெரும்பாலும் ஒரு குடும்பமோ சிறு குழுவோ நடத்துபவை. டேங்கர் வரவில்லை, ஜெனரேட்டர் நின்றது, கடையையே மூடிவிட்டார்கள் என்று ஏதாவது ஒன்று நடக்கும். வழியில் ஒரு பங்க் இல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் சரியாக இருக்கும்.

வெளியேறும் வழி. பாதி தூரத்தில் சாலையை மூடினால் தார்ச்சாலைக்குத் திரும்பக் குறுக்குவழி உண்டா?

நாள்கள். இங்கே கிலோமீட்டரை வைத்து நேரம் சொல்ல முடியாது. சூரியன் மறைந்தபின் கங்காரு, மாடு, ஒட்டகம், ஈமு எல்லாம் சாலைக்கு வரும். மேய்ச்சல் நிலங்களில் பல இடங்களில் வேலியே கிடையாது. அதனால் ஓட்டுகிற நேரம் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரைதான். அங்கே குளிர்காலமான ஜூலையில் பகலும் குட்டை.

பின்சீட்டில் யார். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போதுதான் பெரும்பாலும் இந்தப் பயணம் போடப்படுகிறது. சர்க்கரை வியாதி உள்ளவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கழிப்பறை வேண்டும். முதுகுவலிக்காரருக்கு 600 கி.மீ. குலுக்கல் ஆகாது. எந்தப் பயணக் கையேட்டிலும் இதை எழுதுவதில்லை. ஆனால் பல வீடுகளில் கடைசியில் முடிவைத் தீர்மானிப்பது இதுதான்.

## ஒரே பார்வையில்

| | ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை | ஊட்னடாட்டா டிராக் | கிரேட் சென்ட்ரல் ரோடு | விமானம் + வாடகைக் கார் |
|---|---|---|---|---|
| எங்கிருந்து | அடிலெய்டு | அடிலெய்டு | பெர்த் | எந்த நகரமும் |
| யுலாரா (உலுருவுக்குப் பக்கத்தில் தங்கும் ஊர்) வரை | சுமார் 1,580 கி.மீ. | சுமார் 1,800 கி.மீ. | சுமார் 2,080 கி.மீ. | அலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து 450 கி.மீ. |
| மண் ரோடு | இல்லை | சுமார் 620 கி.மீ. | லாவர்ட்டனுக்குப் பின் பெரும்பகுதி | இல்லை |
| வண்டி | எந்தக் காரும் | உயரமான ஃபோர் வீல் டிரைவ் | உயரமான ஃபோர் வீல் டிரைவ், 2 ஸ்டெப்னி | எந்தக் காரும் |
| பெரிய பங்க் இடைவெளி | 254 கி.மீ. | 212 கி.மீ. | 305 கி.மீ. | 160 கி.மீ.க்கும் மேல் |
| நடுவில் ஒரு பங்க் இல்லையென்றால் | 367 கி.மீ. | 415 கி.மீ. | 560 கி.மீ. | 245 கி.மீ. |
| அனுமதிச் சீட்டு | வேண்டாம் | வேண்டாம் | இரண்டு | வேண்டாம் |
| போக மட்டும் நாள்கள் | 3 முதல் 4 | 5 முதல் 6 | 5 முதல் 6 | 1 |

எந்த வழியில் போனாலும் உலுரு-கட்டா ஜூட்டா தேசியப் பூங்காவுக்குப் பெரியவர்களுக்கு மூன்று நாள் சீட்டு 38 டாலர். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். பாறையில் ஏறுவது 2019 அக்டோபர் 26 முதல் தடை. அதற்கென்று ஒரு நாளைத் திட்டத்தில் ஒதுக்கியிருந்தால் அடித்துவிடலாம்.

## ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை

போர்ட் அகஸ்டாவிலிருந்து டார்வின் வரை போகும் இந்தச் சாலை முழுக்கத் தார் ஆனது 1987-இல்தான். அடிலெய்டிலிருந்து போர்ட் அகஸ்டா 306 கி.மீ. அதன்பின் பிம்பா 171, கிளென்டாம்போ 113, கூபர் பீடி 254, காட்னி 153, மார்லா 82, நார்தர்ன் டெரிட்டரி எல்லை தாண்டி குல்ஜெரா 180, எர்ல்டண்டா 74. எர்ல்டண்டாவில் இடதுபுறம் லாசட்டர் நெடுஞ்சாலையில் திரும்பினால் யுலாரா 245.

இரண்டு பேர் மாறி மாறி ஓட்டினால் அடிலெய்டிலிருந்து கூபர் பீடிக்கு ஒரே நாளில் போய்விடலாம் என்று சொல்வார்கள். 840 கி.மீ.க்கும் மேல். கோடையில் வெளிச்சம் இருக்கும், ஆனால் கோடையில் அங்கே போகக்கூடாது. குளிர்காலத்தில் கடைசி நூறு கிலோமீட்டர் இருட்டில்தான் விழும். முதல் இரவு பிம்பா அல்லது பக்கத்திலுள்ள வூமராவிலும், இரண்டாம் இரவு கூபர் பீடியிலும், மூன்றாம் இரவு எர்ல்டண்டாவிலும் தங்குவது நிதானமான திட்டம். கூபர் பீடியில் ஒரு இரவாவது நிலத்தடி அறையில் தங்க வேண்டும். 1915 முதல் ஓப்பல் கல் தோண்டிய ஊர். வெளியே என்ன வெப்பம் இருந்தாலும் பாறைக்குள் ஏ.சி. தேவைப்படாது.

அலுப்புதான் இந்தச் சாலையின் உண்மையான ஆபத்து. வளைவே இல்லாமல் ஐம்பது கிலோமீட்டர் போகும்போது கண் திறந்திருக்கும், மூளை தூங்கும். அந்த நேரம் பார்த்து முன்னால் ரோடு டிரெயின் வரும். 53.5 மீட்டர் வரை நீளமுள்ள லாரித்தொடர் அது. அது 90-இல் போக நீங்கள் 110-இல் முந்துகிறீர்கள் என்று வைப்போம். முன்னும் பின்னும் விடும் இடைவெளியோடு சேர்த்து அதைக் கடக்க ஏறக்குறைய 28 விநாடி பிடிக்கும். அதற்குள் நீங்கள் 850 மீட்டர் போயிருப்பீர்கள். எதிரே வருகிற வண்டியும் அதே வேகத்தில் 850 மீட்டர் வந்திருக்கும். ஆக 1.7 கி.மீ. காலியாகக் கண்ணுக்குத் தெரிந்தால்தான் எதிர்ப்பக்கம் இறங்க வேண்டும். அலையலையாகக் கானல் ஆடும் மதியத்தில் அந்தத் தூரத்தைக் கண்ணால் அளக்க முடியாது. முந்துவதற்கென்றே போட்ட கூடுதல் தடம் வரும்வரை பின்னால் போவதே மேல். செத்த கங்காருவைத் தின்றுகொண்டிருக்கும் ஆப்புவால் கழுகுக்கும் வேகத்தைக் குறைக்க வேண்டும். அது பெரிய பறவை, மெதுவாகத்தான் எழும். சில சமயம் எழுந்து உங்கள் கண்ணாடியை நோக்கியே வரும்.

எரிபொருள் பற்றிக் கவலை இல்லை. 100 கி.மீ.க்கு 8 லிட்டர் குடிக்கும் கார், கிளென்டாம்போ பங்க் இல்லையென்றாலும் பிம்பாவிலிருந்து கூபர் பீடிக்கு 30 லிட்டரில் போய்விடும். எதிர்க்காற்றுக்கு 5 லிட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். நார்தர்ன் டெரிட்டரிக்குள் பலகையில் 130 என்று போட்டிருக்கும். அந்த வேகத்தில் ஓட்டினால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

பிம்பாவுக்கும் கூபர் பீடிக்கும் இடையில் நெடுஞ்சாலையின் பெரும்பகுதி வூமரா ராணுவத் தடைப் பகுதிக்குள் போகிறது. சாலையில் போகத் தடை இல்லை. பக்கத்து உப்பு ஏரி அழகாக இருக்கிறதே என்று பக்கவழியில் வண்டியை இறக்கக்கூடாது.

கெட்ட நாள் இங்கும் உண்டு. 2022 ஜனவரியில் பெய்த மழையில் கிளென்டாம்போவுக்கும் கூபர் பீடிக்கும் இடையே சாலை வெள்ளத்தில் மூழ்கியது. பல நாள் லாரிப் போக்குவரத்தே நின்றுபோய், கூபர் பீடிக்கு விமானப்படை உணவுப்பொருளைக் கொண்டுவந்து இறக்கியது. ஆனால் அதை ஊரே பேசியது, அவ்வளவு அபூர்வம். ஊட்னடாட்டா டிராக்கில் அது ஆண்டுக்குச் சில தடவை நடக்கும் சாதாரண விஷயம்.

முதல் தடவை போகிறவர்கள், வயதானவர்களோடு போகிறவர்கள், சாதாரணக் கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதில் போகலாம். பத்து நாள் விடுப்பு இருந்தால் போதும்.

## ஊட்னடாட்டா டிராக்

மாரீயிலிருந்து மார்லா வரை 620 கி.மீ. மண் ரோடு. இந்தப் பாலைவனத்தில் இங்கே மட்டும் ஏன் ஒரு பாதை உண்டானது? கீழே கிரேட் ஆர்ட்டீசியன் படுகையின் நிலத்தடி நீர் அழுத்தத்தோடு இருக்கிறது. பாறை பிளந்த இடங்களில் அது ஊற்றாகப் பொங்கி மேலே வருகிறது. அந்த ஊற்றுகள் ஒரு வரிசையாக அமைந்திருக்கின்றன. பழங்குடி மக்களின் வணிகப் பாதை அந்த வரிசையைப் பிடித்துப் போனது. ஆய்வுப் பயணி ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் அதையே பிடித்து வடக்கே போனார். 1872-இல் முடிந்த தந்திக் கம்பியும் அதன் வழியே சென்றது. ரயில் 1891-இல் ஊட்னடாட்டாவை எட்டியது, 1929-இல் அலிஸ் ஸ்பிரிங்ஸை. ரயிலுக்கும் நீராவிக்குத் தண்ணீர் வேண்டுமே. 1980-இல் மேற்கே புதிய பாதை போட்டு ரயிலை மாற்றினார்கள். பழைய தண்டவாளப் பாதையின் ஓரமாக இந்த மண் ரோடு மட்டும் மிஞ்சியது. அந்த ரயிலின் பெயர் 'கான்', ஆப்கான் என்பதன் சுருக்கம். அன்றைய இந்தியாவின் வடமேற்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஒட்டகங்களோடு வந்தவர்களை அங்கே எல்லோரும் மொத்தமாக ஆப்கான் என்றே அழைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் ஆரம்பகாலப் பள்ளிவாசல்களில் ஒன்று மாரீயில் இருந்தது.

அதனால்தான் இந்தப் பாதையில் பார்க்க நிறைய இருக்கிறது. வப்மா கடர்பு என்ற இடத்தில் சேறும் தண்ணீரும் கொப்பளித்து மேலே வரும் 'பப்ளர்' ஊற்று. தெற்கு ஏர் ஏரியின் வெண்ணிற உப்புப் பரப்பு. கட்டி தண்டா என்பது அதன் பழங்குடிப் பெயர். அந்த ஏரிப் படுகையின் ஆழமான பகுதி கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 15 மீட்டர் கீழே இருக்கிறது. நீல்ஸ் ஆற்றின் மேல் 578 மீட்டர் நீள ஆல்ஜெபக்கினா இரும்புப் பாலம், ரயில் இல்லாமல் தனியாக நிற்கிறது. ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் மூன்று நாளில் பார்ப்பதைவிட இங்கே ஒரு நாளில் அதிகம் பார்க்கலாம். அதை மறுப்பதற்கில்லை.

பங்க் கணக்கு: மாரீயிலிருந்து வில்லியம் கிரீக் 204, அங்கிருந்து ஊட்னடாட்டா 203, அங்கிருந்து மார்லா 212. மண் ரோட்டில் பெரிய வண்டி 100 கி.மீ.க்கு 14 லிட்டர் வரை இழுக்கும். நடுவில் ஒரு பங்க் இல்லையென்றால் 415 கி.மீ., அதாவது 58 லிட்டர். 80 லிட்டர் டேங்க் இருந்தால் கவலை வேண்டாம். 55 லிட்டர் டேங்க் உள்ள சின்ன எஸ்.யு.வி. என்றால் 20 லிட்டர் ஜெர்ரி கேன் கட்டாயம். அதை வண்டிக்கு வெளியே கட்டுங்கள், சீட்டுக்குப் பின்னால் வைக்காதீர்கள்.

இனி ரோடு. தகரக் கூரை மாதிரி வரிவரியாக எழும்பியிருக்கும் மண்ணைத்தான் அங்கே 'கோரகேஷன்' என்கிறார்கள். சக்கரம் துள்ளித் துள்ளி விழுந்து உண்டாக்கிய வரிகள். மெதுவாகப் போனால் ஒவ்வொரு வரியிலும் இறங்கி ஏறிப் பற்கள் ஆடும். 70, 80-இல் போனால் டயர் வரிகளின் முகட்டை மட்டும் தொட்டுக்கொண்டு போகும், குலுக்கல் குறையும். ஆனால் அப்போது டயர் பாதி நேரம் காற்றில் இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. பிரேக் பிடித்தால் தாமதமாகத்தான் நிற்கும், வளைவில் பின்பக்கம் வழுக்கும். 80-ஐத் தாண்ட வேண்டாம்.

டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். தார்ச்சாலையில் 36 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால் மண்ணில் இறங்குமுன் 28-க்கு இறக்குங்கள். காற்று குறைந்த டயர் கூரான கல்லின்மேல் குழைந்து ஏறிவிடும். முழுக் காற்றில் விறைப்பாக இருக்கும் டயரை அதே கல் கிழித்துவிடும். சரியாக இறக்கினோமா என்று தெரிய ஒரு மணி நேரம் ஓட்டியபின் அளந்து பாருங்கள். சூட்டில் 4 முதல் 6 பி.எஸ்.ஐ. ஏறியிருந்தால் சரி. 8, 10 ஏறியிருந்தால் காற்று போதவில்லை, அல்லது வேகம் அதிகம். தார் வந்ததும் மறுபடி ஏற்ற வேண்டும். 28-இல் 110 ஓட்டினால் டயர் வெந்து வெடிக்கும். எனவே சிகரெட் லைட்டரில் செருகும் பொம்மை பம்ப் போதாது, பேட்டரியில் நேரடியாகக் கவ்வும் கம்ப்ரெசர் வேண்டும்.

எதிரே வண்டி வந்தால் 50-க்கு இறக்கி இடது ஓரம் ஒதுங்குங்கள். கண்ணாடியை உடைக்கும் கல்லின் வேகத்தில் பாதி உங்கள் வண்டியின் வேகம்தான். தினமும் மாலையில் வீல் நட்டு, பேட்டரிக் கவ்வி, மேல்கூரைக் கம்பி மூன்றையும் சாவி போட்டு இறுக்கிப் பார்க்க வேண்டும். குலுக்கலில் முதலில் கழல்வது இவைதான். மேல்கூரையில் பாரம் ஏற்றியவர்களுக்கு அந்தக் கம்பியே முறிவதும் உண்டு. ஏர் ஃபில்டரை இரண்டு நாளுக்கு ஒருமுறை தட்டி வையுங்கள்.

மழை ஐந்து மில்லிமீட்டர் பெய்தாலும் களிமண் சோப்பாகிவிடும். சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு மட்கார்டு வரை அடைக்கும். அப்போது தெற்கு ஆஸ்திரேலிய அரசு பாதையை மூடும். மாரீ, மார்லா போன்ற நுழைவுகளில் உள்ள பலகையில் தெரிந்துவிடும். மூடிய பாதையில் போனால் அபராதம். சக்கரத்தடம் பதிந்து காய்ந்தால் அதைச் சீர்செய்ய அவர்களுக்கு வாரக்கணக்காகும், அந்தக் கோபமும் அபராதத்தில் இருக்கும். நடுவில் மாட்டினால் இரண்டு வெளிவழிகள்: வில்லியம் கிரீக்கிலிருந்து கூபர் பீடிக்கு 166 கி.மீ., ஊட்னடாட்டாவிலிருந்து கூபர் பீடிக்கு ஏறக்குறைய 195 கி.மீ. இரண்டும் மண் ரோடுதான், அதே மழையில் அவையும் மூடும். அதனால் இரண்டு நாளைக் கையில் சும்மா வைத்துக்கொண்டுதான் இந்த வழிக்கு வர வேண்டும். யுலாராவில் திரும்பக் கிடைக்காத ஹோட்டல் பணம் கட்டிவிட்டு இங்கே வருவது தப்பு.

மறைந்திருக்கும் செலவுகள்: ஃபோர் வீல் டிரைவ் வாடகைக்கு எடுத்தாலும் டயர், கண்ணாடி, அடிப்பாகம், தண்ணீரைக் கடந்ததால் வரும் சேதம் ஆகியவற்றை இன்சூரன்ஸ் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. ஒப்பந்தத்தில் 'ஊட்னடாட்டா டிராக்' என்று பெயர் சொல்லி அனுமதி இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். ஃபோனில் 'பரவாயில்லை' என்று சொன்னது பிற்பாடு நிற்காது. வண்டியை இழுத்து வரக் கிலோமீட்டர் கணக்கில் வாங்குவார்கள், ஆயிரக்கணக்கில் போகும்.

அக்டோபர் முதல் மார்ச் வரை இந்தப் பேச்சே வேண்டாம். 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி பதிவானது இதே ஊட்னடாட்டாவில்தான்.

## கிரேட் சென்ட்ரல் ரோடு

பெர்த்திலிருந்து தெற்கே சுற்றி, நல்லார்பர் வழியாகப் போர்ட் அகஸ்டா வந்து உலுரு போனால் ஏறக்குறைய 3,670 கி.மீ. கல்கூர்லி, லாவர்ட்டன் வழியாக நேராகப் போனால் 2,080. இந்த வித்தியாசம்தான் ஆசையைத் தூண்டுகிறது.

லாவர்ட்டனிலிருந்து ஜுகயிர்லா ரோட்ஹவுஸ் 305 கி.மீ., வார்பர்ட்டன் 255, வராகுர்னா 230, டாக்கர் ரிவர் 105, யுலாரா 235. கொஞ்சம் கொஞ்சமாகத் தார் போட்டு வருகிறார்கள். ஆனாலும் எந்தத் துண்டு முடிந்தது என்பதை நம்பித் திட்டம் போட வேண்டாம், முழுக்க மண் என்றே வையுங்கள். ஜுகயிர்லாவில் டீசல் இல்லையென்றால் 560 கி.மீ.; 15 லிட்டர் கணக்கில் 84 லிட்டர். பெரிய வண்டியின் டேங்கும் தொட்டுக்கொண்டு நிற்கும் அளவு. ஒரு 20 லிட்டர் கேன் எடுத்தால் நிம்மதி.

இது பழங்குடி மக்களின் நிலத்தின் வழியே போகும் சாலை. மேற்கு ஆஸ்திரேலியப் பகுதிக்கு ஒன்று, நார்தர்ன் டெரிட்டரிப் பகுதிக்கு சென்ட்ரல் லேண்ட் கவுன்சிலிடம் ஒன்று என இரண்டு அனுமதிச் சீட்டு வேண்டும். இரண்டும் இலவசம், இணையத்தில் வாங்கலாம். அது கடந்துபோக மட்டும் உள்ள சீட்டு. சாலையை விட்டு விலகி ஊர்களுக்குள் திரிவது, கேட்காமல் படமெடுப்பது, மது கொண்டுபோவது எதற்கும் அதில் இடமில்லை. வழியில் சாதாரண பெட்ரோலுக்குப் பதில் ஓப்பல் என்ற பெட்ரோல்தான் கிடைக்கும். பெட்ரோல் முகரும் பழக்கத்தை ஒழிக்க, போதை தரும் வேதிப்பொருள்களைக் குறைத்துத் தயாரித்தது. சாதாரண 91 ஆக்டேன் எஞ்சினுக்கு அது ஒன்றும் செய்யாது. 95, 98 கேட்கும் வண்டி என்றால் தயாரிப்பாளரின் கையேட்டைப் பாருங்கள். எல்லையில் ஒன்றரை மணி நேர வித்தியாசம் உண்டு. பங்க் எந்தக் கடிகாரப்படி மூடும் என்று முன்கூட்டிக் கேளுங்கள்.

நடுவில் தார்ச்சாலைக்கு ஓடிவரக் குறுக்குவழியே இல்லை. முன்னால் அல்லது பின்னால், அவ்வளவுதான். ஊட்னடாட்டா போன்ற மண் ரோட்டை ஒருமுறையாவது முடித்தவர்கள், இரண்டு ஸ்டெப்னி வைத்திருப்பவர்கள், முடிந்தால் இரண்டு வண்டியாகப் போகிறவர்கள் எடுக்கலாம். முதல் பயணத்துக்கு வேண்டாம். பெர்த்காரர்கள் முதல் தடவை விமானத்தில் போவதில் ஒரு வெட்கமும் இல்லை.

## விமானமும் வாடகைக் காரும்

ஐந்தாறு நாள்தான் விடுப்பு என்றால் இதுதான். அலிஸ் ஸ்பிரிங்ஸில் இறங்கி, சாதாரணக் கார் எடுத்து, யுலாரா 450 கி.மீ., அங்கிருந்து கிங்ஸ் கேன்யன் 305, திரும்ப அலிஸ் 475. எல்லாம் தார். கிங்ஸ் கேன்யனிலிருந்து மெரீனி வழியாகக் குறுக்கே போனால் தூரம் குறையும், ஆனால் அது மண், வாடகைக் காருக்கு ஆகாது.

மறைந்த செலவு கிலோமீட்டரில் இருக்கிறது. உள்நாட்டு ஊர்களில் பல கம்பெனிகள் ஒரு நாளைக்கு 100 கி.மீ. மட்டுமே தருகின்றன. ஐந்து நாளுக்கு 500. நீங்கள் ஓட்டுவது 1,230. மிச்சம் 730 கி.மீ.க்கு 25 சென்ட் வீதம் என்று வைத்தாலும் 182 டாலர் கூடும். அலிஸில் எடுத்து யுலாராவில் விட்டால் ஒருவழிக் கட்டணம் தனி. இருட்டில் விலங்கு மோதினால் இன்சூரன்ஸ் இல்லை என்ற வரியும் பல ஒப்பந்தங்களில் உண்டு. சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டு யுலாராவுக்குத் திரும்பும் 20 கி.மீ. கூட இருட்டுதான்.

## எந்த வழிக்கும் பொது

ஃபோன் சிக்னல் ஊர்களில் மட்டும், அதுவும் பெரும்பாலும் டெல்ஸ்ட்ராவுக்கு. மண் ரோட்டுக்கு 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவியோ சாட்டிலைட் ஃபோனோ அவசியம். ஐஃபோன் 14-இலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் சாட்டிலைட் எஸ்.ஓ.எஸ். ஆஸ்திரேலியாவில் வேலை செய்யும், ஆனால் உடைந்த ஃபோனில் எதுவும் வேலை செய்யாது. யு.எச்.எஃப். ரேடியோவில் 40-ஆம் சேனலில் லாரிக்காரர்கள் பேசுவார்கள்.

வண்டி நின்றுவிட்டால் கடைப்பிடிக்க வேண்டிய ஒரே விதி: வண்டியை விட்டுப் போகாதீர்கள். தேடுபவர்களுக்கு மேலிருந்து கார் தெரியும், நடக்கும் மனிதர் தெரியமாட்டார். நான்கு பேருக்கு மூன்று நாள் கணக்கில், ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் வீதம் 60 லிட்டர் தண்ணீர், ஒரே கேனில் இல்லாமல் பிரித்து வையுங்கள்.

பழம், காய்கறி விஷயத்திலும் கவனம். பழ ஈயைத் தடுக்க தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள்ளும் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள்ளும் கொண்டுவரக் கட்டுப்பாடு உண்டு. மேற்கில் தேன், விதை, கொட்டைகளுக்கும் சேர்த்து. எல்லைக்கு முன் சமைத்து முடித்துவிடுங்கள். புளிசாதமாக மாறிவிட்டதை யாரும் பிடுங்குவதில்லை.

## ஸ்டூவர்ட்டில் போய் ஊட்னடாட்டாவில் திரும்பினால்?

வண்டியும் பன்னிரண்டு நாளும் இருந்தால் நாங்கள் சொல்வது இதைத்தான். எந்தப் பக்கம் முதலில் என்பதில் பலர் தவறுகிறார்கள். உற்சாகத்தில் போகும்போதே மண் ரோட்டை எடுக்கிறார்கள். மாரீ வரை 680 கி.மீ. வந்தபின் பலகையில் 'மூடியிருக்கிறது' என்றால் திரும்பிப் போர்ட் அகஸ்டா போக வேண்டும், ஒரு நாள் போச்சு. யுலாராவில் ஹோட்டலும் போச்சு.

திரும்பும்போது எடுத்தால் முடிவெடுக்கும் இடம் மார்லா. ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே இருக்கும் ஊர் அது. பங்க் உண்டு, பலகையும் உண்டு. திறந்திருந்தால் டேங்கை நிரப்பி, டயரை 28-க்கு இறக்கி இடதுபுறம் திரும்புங்கள். மூடியிருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வந்த தார்ச்சாலையிலேயே நேராகப் போங்கள். ஒரு கிலோமீட்டர்கூட வீணாகாது.